வாத்துப் படம் போட்ட துணி

மே 4, ஞாயிறு

கத்திரி வெயில் ஆரம்பம். காலை எட்டு மணிக்கே மொட்டை மாடியில் கால் வைக்க முடியவில்லை. கடலூரில் கடல் இருக்கிறது என்பதெல்லாம் பெயருக்குத்தான். காற்று மதியம்வரை எட்டிப் பார்ப்பதில்லை.

மீனா வந்தாள். மாப்பிள்ளை சிதம்பரத்திலிருந்து கார் வைத்து அழைத்து வந்தார். பஸ்ஸே கூடாது என்று அவர் அம்மா சொல்லிவிட்டாராம். நல்ல மனுஷி. நன்றாக இருக்கட்டும்.

மீனாவுக்கு எட்டாம் மாதம் தொடக்கம். வளைகாப்பு இல்லாமலே தாய் வீடு வந்திருக்கிறாள். போன வருஷம் ஊரைக் கூட்டி வளைகாப்பு. அது முடிந்து, இதே எட்டாம் மாதக் கடைசியில், குழந்தை வயிற்றிலேயே போய்விட்டது. இந்த முறை வளையலுக்குக் கையை நீட்ட மாட்டேன் என்றாள். இரண்டு வீட்டிலும் யாரும் வற்புறுத்தவில்லை.

பையைக் கீழே வைத்ததும் முதல் பேச்சு: “ப்பா, இந்த வாட்டி ஒண்ணும் தைக்காதீங்க. அம்மா, நீயுந்தான். மொதல்ல பொறக்கட்டும்.”

சரி என்றோம். சொல்வது சுலபம். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். இது மூன்று தையல் கை உள்ள வீடு. நான் ஆட்டோவுக்கும் வேனுக்கும் சீட் கவர் தைக்கிறவன். என் வீட்டுக்காரி விஜி பழைய புடவை கண்ணில் பட்டால் தலையணை உறையாக்காமல் விடமாட்டாள். சின்னவள் தர்ஷினி, ஒன்பதாவது முடித்து லீவில் இருக்கிறாள், மூச்சு விடுகிற நேரம் போக ஒயர் கூடை. எங்கள் எல்லோரையும் விட மீனாதான் நன்றாக வெட்டுவாள். சாக்பீஸ் கோடு கூட வேண்டாம் அவளுக்கு.

அவள் கையும் சேர்ந்தால் நான்கு. இப்போது மடியில் கிடக்கிறது.

மே 6, செவ்வாய்

கத்திரி முடியும்வரை மதியம் இரண்டு மணிக்கே கடை அடைப்பு. முதலாளி வாழ்க.

எங்கள் வீட்டு சோபா ஒரு பழைய ஆட்டோவின் பின் சீட். நாலு மரக்கால் அடித்து நானே செய்தது. விருந்தாளிகள் முதலில் சிரிப்பார்கள், உட்கார்ந்த பிறகு எழ மாட்டார்கள். ஆனால் தரையோடு தரையாக இருக்கும். மீனா எழுந்திருக்கச் சுவரைப் பிடிக்கிறாள், பார்க்கப் பொறுக்கவில்லை. இன்று காலுக்கு அடியில் கட்டை கொடுத்து உயர்த்தினேன். மேலே இரண்டு விரல் கனத்துக்கு ஸ்பாஞ்சு. முதுகுக்குத் தனியாக ஒரு திண்டு. மெரூன் ரெக்ஸின், வெள்ளை ஓரம்.

ஒன்றும் தைக்கக் கூடாது என்றாளே என்று விஜி கேட்டாள். இது பிள்ளைக்கு இல்லை, பிள்ளையின் அம்மாவுக்கு என்று சட்டம் பேசினேன். மீனா உட்கார்ந்து பார்த்தாள், எழுந்து பார்த்தாள். சுவரைப் பிடிக்கவில்லை. எனக்கு அது போதும்.

இன்றைய மற்ற சுகங்கள்:
– ஜன்னலில் ஈரச் சாக்கு. ஹாலில் உட்கார முடிகிறது.
– கேழ்வரகுக் கூழ், மோர் மிளகாய், சின்ன வெங்காயம்.
– பழைய ஃப்ளெக்ஸ் பேனரில் மாடிக்குப் பந்தல். யாரோ ஒரு மணமக்கள் தலைகீழாகச் சிரித்துக்கொண்டு நிழல் தருகிறார்கள்.
– தண்ணீர்க் கிண்ணத்தில் இரண்டு மைனா.

மே 9, வெள்ளி

வடகம் போட்டார்கள். ஐந்து மணிக்கே மாவு கிண்டி, வெயில் ஏறும் முன் மாடியில் என் பழைய வேட்டி விரித்துப் பிழிந்து முடித்துவிட்டார்கள். வேட்டிக்கு இது மூன்றாம் பிறவி. காக்கா விரட்ட தர்ஷினி காவல், கையில் ஒயர் கூடை. கூடைக்கு மஞ்சளும் பச்சையும். அடி போட்டு முடித்துவிட்டாள்.

மீனா பந்தல் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். மாவைத் தொடவில்லை. முன்பெல்லாம் பச்சை வடக மாவை வழித்துத் தின்பதற்கென்றே மாடிக்கு வருவாள்.

கீழ் வீட்டு அம்மா படியேறி வந்து, எத்தனையாவது மாசம், வயிறு இறங்கியிருக்கிறதே, என்றெல்லாம் கேட்டாள். மீனா, “இருக்குதுக்கா” என்று மட்டும் சொன்னாள். அவ்வளவுதான். கவனித்துப் பார்க்கிறேன், வயிற்றின் மேல் கை வைப்பதே இல்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரனைப் போல ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறாள் தன் வயிற்றிடமிருந்து. செக்கப்புக்குப் போகிறாள், மாத்திரை சாப்பிடுகிறாள், எல்லாம் சரி. பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

பிரசவம் டாக்டர் கையில், கடவுள் கையில். நான் கேட்பது அதைவிடச் சின்னது. பிறப்பதற்கு முன்னால் ஒரு நாளாவது இவள் இந்தப் பிள்ளையை நினைத்துச் சந்தோஷப்பட வேண்டும்.

மே 11, ஞாயிறு

மாப்பிள்ளை வந்தார். தூக்கில் கத்தரிக்காய் கொத்சு, அவர் அம்மா வைத்தது. சிதம்பரத்துக்காரர்கள் கொத்சு வைத்தால் இட்லி கணக்கு தப்பிவிடும். எனக்கும் தப்பியது. விஜி ஒரு பார்வை பார்த்தாள்.

மாலை எல்லோரும் சில்வர் பீச். தர்ஷினி ஒயர்க் கூடையில் சுண்டல், தண்ணீர், துண்டு. கூடையைப் பார்த்து ஒரு அம்மா எங்கே வாங்கினது என்று கேட்டாள். தர்ஷினிக்கு இரண்டு அங்குலம் உயரம் கூடியது. மீனா அலையில் கால் நனைத்தாள். மாப்பிள்ளை அவள் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் நின்றார். இவரைக் கொடுத்ததற்கு என்ன புண்ணியம் செய்தோமோ.

பஸ் ஏற்றிவிடப் போனேன். பஸ் கிளம்பும் சமயம் மெதுவாகச் சொன்னார்: “அங்கயும் இப்படித்தான் மாமா. பேர் எதுனா யோசிக்கலாமான்னு கேட்டேன். எழுந்து உள்ள போயிட்டா.”

வெயில் தாழட்டும் மாப்பிள்ளை என்று சம்பந்தமில்லாமல் எதையோ சொன்னேன்.

மே 14, புதன்

விஜி காடாம்புலியூர் போயிருக்கிறாள், அவள் அண்ணன் வீட்டுக்கு. பலா வெட்டுகிறார்களாம். நாளை வருவாள்.

நேற்று பூராவும் கரண்ட் போவதும் வருவதும். இனி மாடியில்தான் படுக்கை. ஆனால் சிமென்ட் தரை மீனாவுக்கு உறுத்தும், பாய் போதாது. ஒட்டுத் துணி விரிப்பு ஒன்று தைத்துவிடலாம் என்று யோசனை. இதுவும் பிள்ளையின் அம்மாவுக்குத்தான், சட்டப்படி.

கடை அடைத்து வந்ததும் பரணில் ஏறினேன். அண்டாவுக்குப் பின்னால் ஒரு மஞ்சப்பை, வாய் கட்டியது. உள்ளே துண்டு துண்டாக நல்ல மெல்லிய பருத்தி. வெள்ளையில் மஞ்சள் வாத்து. இப்படி ஒரு துணி வீட்டில் இருப்பதே எனக்குத் தெரியாது. விஜி எதற்கோ வெட்டிய மிச்சம் என்று எடுத்துக்கொண்டேன். கோணல் மாணலாக வளைத்து வளைத்து வெட்டியிருந்தது. எந்தப் புண்ணியவான் இப்படித் துணியை வீணடித்தது என்று திட்டிக்கொண்டே எல்லாவற்றையும் சதுரமாக்கினேன். கூட விஜியின் இரண்டு பழைய புடவை, என் நீலச் சட்டை, தர்ஷினியின் பள்ளிப் பாவாடை. நடுவில் பழைய கம்பளி. இரட்டைத் தையல்.

மீனா அடுத்த அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். தையல் முடிந்தபோது அவளை எழுப்பிக் காட்டத்தான் ஆசை. தர்ஷினியிடம் மட்டும் காட்டினேன். சூப்பர் என்றாள். விஜியும் வந்த பிறகு நாளைக்கு இரண்டு பேருக்கும் சேர்த்துக் காட்டலாம். சீட் கவர் தைத்துத் தைத்து இப்படி ஒரு வேலை செய்து எத்தனை நாளாயிற்று. இன்று நான் கலைஞன்.

மே 15, வியாழன்

கலைஞன் கதை முடிந்தது.

விஜி காலையில் வந்தாள். வடலூரில் இறங்கி, அன்னதானத்துக்கு அரிசி கொடுத்துவிட்டு. ஆட்டோவிலிருந்து பெரிய பலாப்பழம் ஒன்று இறங்கியது. கை கழுவக்கூட விடாமல் விரிப்பை விரித்துக் காட்டினேன். மீனா குளித்துக்கொண்டிருந்தாள்.

விஜி விரிப்பின் மேல் குனிந்தாள். ஒரு வாத்தின் மேல் விரலை வைத்தாள். பிறகு என்னை அடுப்படிக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

அது மிச்சத் துணி இல்லை. போன வருஷம் மீனாவே சிதம்பரத்தில் தேடி வாங்கி, நாலு சின்னச் சட்டைக்கு வெட்டி வைத்தது. தைக்கும் முன்னால் எல்லாம் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள், அதை என் கண்ணில் காட்டாதே, எங்கேயாவது போட்டுவிடு என்று அம்மாவிடம் கொடுத்திருக்கிறாள். விஜிக்குப் போட மனசு வரவில்லை. வேறு எந்த வீடாக இருந்தாலும் குப்பைக்குப் போயிருக்கும். இந்த வீட்டில் பரணுக்குப் போனது. யாரிடமும் சொல்லவில்லை, என்னிடமும்.

நான் திட்டிக்கொண்டே வெட்டிய அந்த வளைவுகள், கழுத்தும் கைக்குழியும்.

மதியம் சாப்பிடவில்லை. பலாச்சுளையைப் பார்க்கவே பிடிக்கவில்லை. விரிப்பை ரெக்ஸின் பைக்குள் திணித்துக் கடைக்கு எடுத்துப் போய்விட்டேன். விஜியின் உத்தரவு: வாத்துகளைப் பிரித்துவிட்டு வேறு துணி வை. அதுவரை மீனா கண்ணில் படக் கூடாது.

மே 17, சனி

கடையில், வேலைக்கு நடுவே, பிரிக்கப் பார்த்தேன். என் தையல் எனக்கே எதிரி. ஆட்டோ டிரைவர்கள் பத்து வருஷம் உட்கார்ந்தாலும் விடாத தையல், பிளேடுக்கு மசிந்து வருமா. ஒரே ஒரு வாத்துச் சதுரம்தான் வந்தது. அந்த ஓட்டையில் வைக்கக் கடையில் துணி ஏது. பழுப்பு ரெக்ஸின் துண்டு வைத்துத் தைத்தேன். பார்க்கச் சகிக்கவில்லை.

பிரிப்பது அந்த ஒன்றோடு நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன். பிரித்த சதுரத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். கீழே போட எனக்கும் மனசு வரவில்லை.

வீட்டுக்கு வந்தால் மீனா, “அப்பா ஏதோ விரிப்பு தச்சீங்களாமே, தர்ஷு சொன்னா” என்கிறாள். ஓரம் அடிக்கக் கடையில் இருக்கிறது என்று சொன்னேன். திருடனுக்குத் தேள் கொட்டின கதை. விஜி முகத்தைத் திருப்பிக்கொண்டு பலாக்கொட்டையை உரித்தாள்.

பலாக்கொட்டை, முருங்கைக்காய், மாங்காய் போட்டுக் குழம்பு. இதை எழுதும்போதும் வாசம் கையில் இருக்கிறது. மனசு எப்படி இருந்தாலும் குழம்பு இறங்குகிறது, அதற்கும் நன்றி சொல்லத்தான் வேண்டும். மீனாவுக்கு இரண்டே சுளை. சூடு ஜாஸ்தியாம். மூன்றாவது சுளைக்காக அம்மாவும் பெண்ணும் அரை மணி நேரம் சண்டை. சண்டை போடுகிறாளே என்று எனக்கு உள்ளுக்குள் மகிழ்ச்சி.

மே 20, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

கடையில் எலி. விரிப்பைக் கடித்துவிடும் என்று நேற்று பையோடு வீட்டுக்குக் கொண்டுவந்து, மாடிப்படி வளைவில் சாக்குக்குப் பின்னால் வைத்திருந்தேன். தர்ஷினிக்கு எதுவும் தெரியாது, நாங்கள் சொல்லவில்லை.

மதியம் மூன்று மணி இருக்கும். வானம் கறுத்தது. கத்திரியில் மழையை யார் எதிர்பார்த்தார்கள். மாடியில் இரண்டாம் தடவை போட்ட வடகம் முக்கால் காய்ச்சலில் கிடக்கிறது. பெரிய பெரிய துளி. தர்ஷினி ஓடினாள், படியில் கைக்கு எட்டிய பையை இழுத்தாள், உள்ளே இருந்ததை வடகத்தின் மேல் போட்டு மூடினாள். கெட்டிக்காரத்தனம்தான், பாவம். நானும் விஜியும் அதைப் பார்த்தபோது மழை பலத்துவிட்டது. திரும்பினால் படிக்கட்டு முனையில் மீனா. மழை பார்க்க ஏறி வந்திருக்கிறாள்.

வெறும் வெயிலில் அதைப் பார்த்திருந்தால் சாதாரண விரிப்பு என்று போயிருப்பாளோ என்னவோ. நனைந்ததும் ஒவ்வொரு வாத்தும் பளிச்சென்று தெரிந்தது.

மெதுவாகக் குனிந்து ஒரு முனையைத் தூக்கினாள். நாங்கள் மூன்று பேரும் மழையில் நின்றோம்.

“இது நான் வெட்டுனது.”

மிச்சத் துணி என்று நினைத்துவிட்டேன், தெரியாமல் செய்துவிட்டேன் என்று உளறினேன். அம்மாமேல் தப்பில்லை என்றும் சொன்னேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. ஒவ்வொரு வாத்தாகத் தடவிக்கொண்டு போனாள். பழுப்பு ரெக்ஸினில் வந்து விரல் நின்றது.

“இது இன்னாப்பா, ஆட்டோ சீட்டா?”

ஆமாம் என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே சொன்னாள்:

“அம்மா எங்கயோ போட்டுட்டாங்கன்னு இருந்தேம்ப்பா. நாந்தான் போடச் சொன்னேன். அப்புறம் தெனம் நெனப்பேன், எந்தக் குப்பையில கெடக்குதோன்னு. இங்கதான் இருந்துச்சா?”

இங்கேதான் இருந்தது என்று விஜி சொன்னாள். அண்டாவுக்குப் பின்னால்.

விரிப்பை மீனாதான் பிழிந்தாள். விஜி ஒரு முனை, அவள் ஒரு முனை. பந்தலுக்கு அடியில் கொடியில் போட்டார்கள். வடகம் கூழாகிவிட்டது. யாரும் கவலைப்படவில்லை. அப்படியே வழித்து, வெங்காயம் போட்டு, கல்லில் அடை மாதிரி வார்த்துத் தின்றோம். இப்படி ஒரு பலகாரம் உலகத்தில் கிடையாது. மீனா இரண்டு தின்றாள்.

மே 22, வியாழன்

மறுபடி வெயில். விரிப்பு மொறுமொறுவென்று காய்ந்துவிட்டது.

நேற்று முதல் மீனா அதில்தான் படுக்கிறாள். ரெக்ஸின் சதுரம் உறுத்தியதாம், பிரிக்கச் சொன்னாள். சட்டைப் பையில் இருந்த வாத்தை எடுத்துக் கொடுத்தேன். எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. ஊசி கேட்டாள். அந்த ஒரு சதுரத்தையும் கையாலேயே வைத்துத் தைத்தாள். பொடித் தையல். என் இரட்டைத் தையல் வெட்கப்பட்டது.

தைத்துக்கொண்டே தர்ஷினியிடம் பேசிக்கொண்டிருந்தாள். நான் ஹாலில் பேப்பர் படிக்கிற பாவனை. போனது பெண் குழந்தை என்றாள். நிறைய முடி என்றாள். மூக்கு என்னைப் பெற்ற அம்மாவின் மூக்கு என்றாள். ஒரு வருஷத்தில் முதல் தடவை. பெண் என்பது எனக்குத் தெரியும், முடியும் மூக்கும் இன்றுதான் தெரியும். பேப்பரில் எழுத்து தெரியவில்லை.

விஜி வந்து மூன்று சுளை பலா வைத்துவிட்டுப் போனாள். சூட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மே 25, ஞாயிறு

செக்கப் எல்லாம் சரி. மாப்பிள்ளை வந்திருந்தார், கூடவே போய் வந்தார். டாக்டரம்மா துடிப்பைக் கேட்க வைத்தாராம். குதிரை ஓடுகிற மாதிரி இருந்தது என்று மாப்பிள்ளை நாலு தடவை சொல்லிவிட்டார். சொல்லட்டும், நாற்பது தடவை சொல்லட்டும்.

போன வருஷம் எல்லாம் நின்று போன அந்த வாரம்தான் இது. யாரும் அதைப் பேசவில்லை, ஆனால் எல்லோர் கண்ணும் அவள் மேலேயே. விஜி தூங்குவதாகப் பாவனை செய்கிறாள். நானும்.

மதியம் நெத்திலிக் குழம்பு. மாலை காற்று வந்தது, நல்ல கடல் காற்று. தர்ஷினியின் கூடைக்குப் பிடி போட்டாயிற்று. மாடியில் ஐந்து பேரும் உட்கார்ந்திருந்தோம். மீனா திடீரென்று அம்மா கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்தாள். விஜியின் முகத்தை எழுதத் தெரியவில்லை எனக்கு.

எனக்கு எதுவும் வேண்டாம், இப்படியே இருந்தால் போதும் என்று நினைத்தேன். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன், ஒன்றும் வேண்டாம் என்று சாமியிடம் சொல்லக் கூடாது, இன்னும் ஒன்று வேண்டியிருக்கிறது.

மே 28, புதன்

கத்திரி இன்றோடு முடிகிறது என்று காலண்டர் சொல்கிறது. வெயிலுக்கு யாரும் சொல்லவில்லை.

கடை அடைத்து வந்தேன். தெருமுனையிலேயே மிஷின் சத்தம். விஜி என்று நினைத்தேன். வீட்டு வாசலில் விஜியும் தர்ஷினியும் புளி ஆய்ந்துகொண்டிருந்தார்கள். விஜி உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள்.

உள்ளே மீனா. உயர்த்திய ஆட்டோ சீட்டை மிஷினுக்கு முன்னால் இழுத்துப் போட்டிருக்கிறாள். வயிறு இடிக்காமல் இருக்கப் பக்கவாட்டில் உட்கார்ந்து, ஒரு காலால் மெதுவாக மிதிக்கிறாள். அம்மாவின் பழைய சுங்கடிப் புடவை தரையில் விரித்துக் கிடக்கிறது. ஒரு சின்னச் சட்டை பாதி முடிந்திருக்கிறது. அடுத்ததற்குத் துணி மடித்து வைத்திருக்கிறாள்.

நான் செருப்பைக் கழற்றி வாசற்படியிலேயே நின்றேன். ஒன்றும் தைக்கக் கூடாது என்று யார் சொன்னது என்று கிண்டல் செய்ய வாய் வரை வந்தது, வெளியே வரவில்லை.

பொறந்த பிள்ளைக்கு உடம்பு சுற்றளவு எவ்வளவு இருக்கும் என்று கேட்டாள். எனக்கு ஆட்டோ சீட் அளவுதான் தெரியும் என்றேன். கையால் காற்றில் ஒரு அளவு காட்டினேன், அது பூனைக்குட்டிக்குத்தான் ஆகும் என்றாள்.

கத்தரியை எடுத்தாள். கோடு போடவில்லை. நான் காட்டிய அளவுக்கு இரண்டு விரல் தள்ளி வைத்தாள். அப்புறம் இன்னும் இரண்டு விரல்.

“பெருசாவே வெட்டுறேம்ப்பா. வளரும்ல.”